சீர்த்தட்டில் வந்த மதர்போர்டு

எனக்குக் காது குத்தியபோது நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் குலசாமி கோயிலுக்குத் தூக்கிப்போய், மொட்டை அடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுவார்கள். அந்த வயதில் குத்தினால் பிள்ளை அழுதாலும் மறுநாள் மறந்துவிடும். என் காது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. முதலில் அப்பாவுக்குக் குவைத்திலிருந்து லீவு கிடைக்கவில்லை. லீவு கிடைத்து வந்தபோது பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து, கோயிலுக்குப் போகக் கூடாது என்றார்கள். அதெல்லாம் தீர்ந்து நாள் பார்க்கலாம் என்று உட்கார்ந்த நேரத்தில், அப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. அறந்தாங்கியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, சொந்தக்காரர்களை எல்லாம் வீடு வீடாகப் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்தவர், குவைத்தில் இருந்த அப்பாவுக்கு மட்டும் பத்திரிகையைப் படம் எடுத்துப் போனில் அனுப்பிவிட்டார். ஊருக்கெல்லாம் அனுப்புகிற படத்தை எனக்கும் அனுப்பினால் நான் அந்த வீட்டு மாப்பிள்ளையா, ஊர்க்காரனா என்று அப்பாவுக்குக் கோபம். பின்னே, தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறச் சொல்கிறாரா என்று மாமாவுக்குக் கோபம். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்ததால் சண்டை தீர வழியில்லாமல் போனது. விசேஷத்துக்குப் போய்விட்டு வா, ஆனால் செய்முறை என்று எதுவும் செய்யக் கூடாது என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார். சொந்தத் தம்பி வீட்டுக்கு அம்மா வெறுங்கையோடு போய் வந்தாள். எங்கள் ஊரில் அதை யாரும் லேசில் மறக்க மாட்டார்கள். அம்மாவும் மறக்கவில்லை.

எனக்கு அந்தச் சண்டையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. எனக்குக் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்திருந்தது. கீரமங்கலத்தில் என்னோடு படித்தவனின் அண்ணன், விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தான். அவன் விளையாடுவான், நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம். ஒரு நாள் ஆசை தாங்காமல் மவுஸைத் தொட்டுவிட்டேன். ஈயை விரட்டுவதுபோல என் கையைத் தட்டிவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன்தான், அதற்குப் பிறகு எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்திருப்பேன். புத்தகத்தைத் திறந்துவைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். பிள்ளைக்கு வயிற்றில் பூச்சியோ என்று அம்மா வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள்.

அம்மாவின் போனில் தேடினால் போதும், குறைந்த பட்ஜெட்டில் கேமிங் கம்ப்யூட்டர் கட்டுவது எப்படி என்று தமிழிலேயே சொல்லித்தர ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவர் இதுதான் பெஸ்ட் என்பார். அடுத்தவர் அதை வாங்கினால் தலையில் துண்டுதான் என்பார். காலையில் எனக்கு ஒரு பிராசசர் பிடிக்கும். ஸ்கூல் பஸ் வருவதற்குள் அதில் ஒரு குறை தெரிந்து வேறொன்றுக்கு மனசு தாவிவிடும். சாயங்காலம் மறுபடி பழையதே நல்லது என்று தோன்றும். கணக்குப் பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை.

அந்த வித்தையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. பிராசசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மதர்போர்டு என்பது அந்த மூளை உட்கார்கிற பெரிய பலகை. மற்ற சாமான்கள் எல்லாம் அதில்தான் வந்து சேர வேண்டும். ஆனால் எந்தப் பிராசசரும் எந்தப் போர்டிலும் உட்கார்ந்துவிடாது. அப்போது கடைகளில் இரண்டு கம்பெனிச் சரக்குதான் ஓடியது. ஒரு கம்பெனியின் பிராசசருக்கு அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும். அதற்கு ஏற்ற போர்டில் துளைகள் இருக்கும். இன்னொரு கம்பெனியின் பிராசசருக்கு அடியில் ஒன்றும் இருக்காது, மொட்டை. அதற்கு வேண்டிய கால்களெல்லாம் போர்டில் இருக்கும். காலுள்ளதற்குத் துளைப் போர்டு, மொட்டைக்குக் கால் போர்டு. மாற்றி வாங்கினால் இரண்டையும் வைத்து அழுதுகொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் கடைசியில் காலுள்ளதைத்தான் தேர்ந்தெடுத்தேன். விளையாட்டைத் திரையில் காட்டுகிற கிராபிக்ஸ் அதற்கு உள்ளேயே இருந்தது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் செலவு மிச்சம். பின்னாளில் புதிதாக வருகிற பிராசசரையும் அதே போர்டில் மாட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் நான் அம்மாவுக்குச் சொல்லாத வேளையில்லை. அவள் பூண்டு உரிக்கும்போது சொல்வேன், துணி காயப்போடும்போது சொல்வேன், சீரியல் பார்க்கும்போது குறுக்கே நின்று சொல்வேன். அவள் ‘ம்’ கொட்டுவாள். பிறகு, நகரு, டிவி மறைக்குது என்பாள். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் எங்கே ஏறப்போகிறது என்று நினைத்துக்கொள்வேன். கேட்க வேறு ஆள் இல்லாததால்தான் அவளிடம் சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் அம்மா காதுகுத்துப் பேச்சை மறுபடி எடுத்தாள். பிள்ளைக்குத் தோள் உசரம் வந்துவிட்டது, குலசாமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் எவ்வளவு நாள் இருப்பது என்று. நான் முடியாது என்றேன். மொட்டைத் தலையும் கம்மலுமாக எட்டாம் வகுப்புக்குப் போனால் என் கதி என்ன ஆகும்? அதுவும், வளர்ந்த தடியன் மாமா மடியில் உட்கார வேண்டுமாம். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம், காது குத்திக்கொண்டால் கம்ப்யூட்டர் வருமா என்று அப்பாவிடம் கேட்கவா என்றாள். எந்தக் காது வேண்டுமோ குத்திக்கொள்ளுங்கள் என்று இரண்டையும் நீட்டினேன்.

லீவு இல்லை, காதுகுத்தைப் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் பிராசசரை அங்கேயேதான் வாங்குவேன் என்றார். குவைத்தில் வாங்கினால்தான் ஒரிஜினல், இங்கே விற்பதெல்லாம் டூப்ளிகேட் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. தலைவலித் தைலத்திலிருந்து டார்ச் லைட் வரை அவருக்கு அப்படித்தான். விஷயம் அறந்தாங்கிக்குப் போனது. மடியில் வைத்துக் காது குத்த வேண்டிய தாய்மாமன் நான், எனக்கு அதில் பங்கில்லையா, போர்டு என் சீர் என்று மாமா சொல்லிவிட்டாராம். மிச்சச் சாமான்களைப் புதுக்கோட்டையில் வாங்கிக்கொள்ளலாம் என்று அம்மா முடித்துவைத்தாள்.

ஆளுக்கொன்றை ஆளுக்கொரு நாட்டில் வாங்குகிறார்கள். இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. நானே இருவருக்கும் போன் போட்டு மாடல் பெயரைச் சொல்கிறேன் என்று துடித்தேன். அம்மா விடவில்லை. மாமாவிடம் இதைத்தான் வாங்கு என்று கேட்டால் அது சீராகாது, கேட்டு வாங்குவது நமக்கு அசிங்கம், நான் அத்தை காதில் பக்குவமாகப் போட்டுவைக்கிறேன் என்றாள். அப்பாவிடமும் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நான் மாடல் பெயரை அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்தேன். அவள் எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று காலும் துளையும் பாடத்தை இன்னொரு தடவை நடத்தினேன்.

பிறகு காத்திருப்புதான். அப்பாவின் அறையில் தங்கியிருந்த ஆவுடையார்கோயில் பக்கத்துக்காரர் ஒருவர் லீவில் வந்தார். வந்த மறுநாள் காலையிலிருந்து நான் ரோட்டு முனையில் நின்றேன். வெயில் ஏறியபோது பைக்கில் வந்து, டேப் சுற்றிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். போர்வை, சோப்பு, சென்ட், பாதாம் எல்லாம் வெளியே வந்தன. அடியில் துணியில் சுற்றிய சின்னப் பெட்டி ஒன்று வந்தது. நான் பாய்வதற்குள் அம்மா அதை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். சாமி முன்னால் வைத்துத்தான் பிரிக்க வேண்டுமாம். என் அம்மாவுக்கு இவ்வளவு பக்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. சாவிக் கொத்து அவள் இடுப்பைவிட்டு இறங்கவில்லை. பீரோ இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்ததில் நெற்றியில் கோடு விழுந்ததுதான் மிச்சம்.

காதுகுத்து ஒரு வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கும் அன்றைக்கு விடுமுறை. கோயில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் இருக்கிறது. எனக்கு மொட்டை அடித்து, சந்தனம் தடவி, பட்டுவேட்டி கட்டிவிட்டார்கள். வேட்டி நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டே வேப்பமரத்துக்கும் ரோட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கட்டிப்போட்டிருந்த கிடாகூட நிம்மதியாகத் தழை தின்றுகொண்டிருந்தது.

மேளச் சத்தத்தோடு மாமாவின் சீர் வந்தது. மாலை, பட்டுச்சட்டை, தங்கக் கம்மல், பழத்தட்டு, பலகாரத்தட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தை ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை ஏந்தி வந்தாள். அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் நடுவே மதர்போர்டு. பெட்டியில் இருந்தால் என்ன சீர் என்று யாருக்குத் தெரியும், நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா என்று அத்தை அதைப் பிரித்து, உறையைக் கழற்றி, நாலு மூலைக்கும் நடுவிலும் சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமம் இட்டுக் கொண்டுவந்திருந்தாள். கிழவிகள் அதைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி ரேடியோப் பெட்டியா என்று கேட்டாள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

நான் அலறிக்கொண்டு ஓடிப் போர்டைப் பார்த்தேன். நடுவில் அழகான துளைகள். நான் சொன்ன அதே போர்டு. சில துளைகளில் குங்குமம் இறங்கியிருந்தாலும் அதை ஊதிச் சரிசெய்துவிடலாம். எனக்கு உயிர் வந்தது. அம்மா சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து சாமி காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். திருப்பிப் பார்த்தேன். மொட்டை. என் தலையைப்போலவே வழவழவென்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் போட்ட கூச்சலில் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். ரெண்டும் சேராது, ரெண்டும் சேராது என்று கத்தினேன். மடியில் உட்கார மாட்டேன், காதைத் தொடக் கூடாது என்று வேப்பமரத்தைக் கட்டிக்கொண்டேன். அம்மா முகம் வெளுத்து நின்றாள். நீ சொன்னதைத்தானே அப்பா வாங்கினார் என்றேன். அவள், அப்பா கடையில நின்னு போன்ல கேட்டப்ப வேற பேரச் சொல்லிட்டேன்போல, எனக்கு என்னப்பா தெரியும் என்றாள். காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நேரம் முடியப்போகிறது என்றார். அம்மா போனை எடுத்து அப்பாவுக்கு வீடியோ போட்டு என் கையில் கொடுத்தாள். உங்கப்பாகிட்டயே கேளு என்றாள். நான் திரையைப் பார்த்துப் பேச ஆரம்பித்த நேரத்தில் என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தி, மாமா மடியில் உட்காரவைத்துவிட்டாள்.

இப்போது திரையில் ஒரு பக்கம் குவைத்து அறையில் அடுக்குக் கட்டிலுக்கு முன்னால் அப்பா. இன்னொரு பக்கம் சின்னச் சதுரத்தில் என் மொட்டைத் தலையும், அதற்குப் பின்னால் மாமாவின் முகமும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். பார்க்காததுபோல் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தான் வாங்கியது ஒரிஜினல், மாமாவிடம் போர்டை மாற்றச் சொல் என்றார் அப்பா. கோயிலுக்கு வந்த சீரைத் திருப்ப முடியாது, உன் அப்பாவிடம் பிராசசரை மாற்றச் சொல் என்றார் மாமா. ஒருவர் சொன்னதை நான் மற்றவருக்குத் திருப்பிச் சொன்னேன். இரண்டு பேர் குரலும் இரண்டு பேருக்கும் நன்றாகவே கேட்டது. எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. நீங்களே பேசித் தொலைங்க என்று நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கினார்.

நான் போட்ட சத்தத்தில் போன் கையை விட்டு எகிறி மண்ணில் மல்லாந்து விழுந்தது. குவைத்தில் அப்பாவுக்கு வேப்பமரத்துக் கிளையும் வானமும்தான் தெரிந்திருக்கும். என் அழுகை மட்டும் கேட்டிருக்கும்.

“மாப்ள, புள்ளயப் புடி மாப்ள. ரத்தம் வருதா?”

மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல அந்தக் குரல் வந்தது. மாமாவின் கை என் வயிற்றை இறுக்கிக் கட்டியது.

“ஒன்னுமில்ல மச்சான். ஒரு சொட்டுதான். நான் புடிச்சிருக்கேன்.”

யாரோ போனை எடுத்து மாமாவிடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அது என் கைக்கு வரவே இல்லை. இடது காதைக் குத்தியபோது நான் கத்தியதைக்கூட அவர்கள் இருவரும் கண்டுகொள்ளவில்லை. போர்டைப் பற்றிப் பேசினார்கள், குவைத்து வெயிலைப் பற்றிப் பேசினார்கள், மறுபடி போர்டுக்கு வந்தார்கள். கடைசியில் அப்பாதான் சொன்னார், அந்த மொட்டைப் பிராசசர் உன் வீட்டுக்கே போகட்டும், உன் கிரகப்பிரவேசத்துக்கு நான் ஒன்றும் செய்யவில்லையே, அதற்குச் செய்ததாக இருக்கட்டும் என்று. மாமா தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். அதற்கு ஒரு கால் போர்டைத் தானே வாங்கிக்கொள்வதாகவும், நீங்கள் லீவில் வரும்போது நேராக நம் வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்றும் சொன்னார். என் போர்டுக்கு வேண்டிய காலுள்ள பிராசசரை அப்பா லீவில் வரும்போது கையோடு கொண்டுவருவார் என்று முடிவானது. அதாவது தீபாவளிக்கு. எனக்கு உலகமே இருண்டது.

அப்பா தீபாவளிக்கு வந்தார். அறந்தாங்கியில் இறங்கி, பெட்டியோடு மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மாமாவின் காரிலேயே வீட்டுக்கு வந்தார். போர்டில் இறங்கியிருந்த குங்குமத்தை நான் புது டூத் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பிராசசர் அதில் பூப்போல உட்கார்ந்தது. அதிலிருந்து வீட்டில் எந்த விசேஷத்திலும் அந்தக் கதை வராமல் போகாது. காலும் மொட்டையும் தெரியாமல் அம்மா மாற்றிச் சொல்லிய கதை. அப்பா சொல்லிச் சிரிப்பார், மாமா இழுத்துச் சிரிப்பார். பரிமாறிக்கொண்டே அம்மாவும் சிரிப்பாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபின் வந்த முதல் பொங்கல். மாமா மகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றார்கள். நான் போனில் பிராசசர்களைப் பார்த்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். இன்னும் எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. எந்தக் கம்பெனி, எந்தப் போர்டு என்று எனக்கு நானே முனகிக்கொண்டிருந்தேன். அவரைக்காயில் நார் எடுத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்.

“இப்பதான் ரெண்டு கம்பெனியுமே மொட்டயால்ல வருது. காலெல்லாம் போர்டுலதான. அப்புறம் என்ன கொழப்பம்?”

நான் நின்றேன். உண்மைதான். புதிதாக வருகிறவை அப்படித்தான். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீதான ராவும் பகலுமா சொன்ன, மனசுல நின்னுபோச்சு, எங்கயாச்சும் கண்ணுல பட்டா பாப்பேன் என்றாள். எனக்கு மெல்ல மெல்ல என்னவோ விளங்க ஆரம்பித்தது. பீரோச் சாவி, அத்தை காதில் போட்டது, பிசகாமல் திருப்பிச் சொன்ன மாடல் பெயர். அப்படீன்னா அன்னைக்கு நீ என்று இழுத்தேன்.

“ரெண்டும் சேந்து வந்திருந்தா கம்ப்யூட்டர் ஓடியிருக்கும்” என்றாள் அம்மா. “அவுக ரெண்டு பேரும் எதுக்குப் பேசப் போறாக?” அவரைக்காய் முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கோயிலில் காது குத்தி முடிந்து, மாமா போனை வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா சாமி பீடத்துக்குப் பின்னால் தனியாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். மாற்றிச் சொல்லிவிட்டோமே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு காதும் எரிய எரிய அவளிடம் போய், பெரிய மனசு பண்ணி, பரவாயில்லம்மா, ஒனக்குத் தெரியாதுல்ல, அடுத்த தடவ நானே சொல்லிக்கிறேன் என்று சொன்னேன். அவள் என் மொட்டைத் தலையைத் தடவி, சரிப்பா என்றாள். அன்றைக்கு நான் அம்மாவை மன்னித்துவிட்டேன்.